பெறுநர் ஏற்க மறுத்தார்

5 மே 2025, திங்கள்

பை பத்தரை மணி பஸ்ஸில் வந்தது. உள்ளே மூன்று தபால். ஒன்று வங்கி நோட்டீஸ். ஒன்று பள்ளிக்கூடத்துக்கு, பள்ளிக்கூடம் லீவு. மூன்றாவது எனக்கு. இந்த மலையில் பதினெட்டு வருஷமாகக் கிளை போஸ்ட் மாஸ்டராக இருக்கிறேன். எனக்கென்று தபால் வருவது வருஷத்துக்கு இரண்டு தரம் இருந்தால் அதிகம்.

எழுதியது கல்பனா. வேலூரில் ஆராய்ச்சி செய்கிற பெண். போன மாதம் இங்கே வந்து ஊர்ப் பேச்சையெல்லாம் போனில் பதிவு செய்துகொண்டு போனாள். மலையிலும் அடிவாரத்திலும் புழங்கும் சொற்களுக்கு ஒரு அகராதி போடுகிறாளாம். ஆளுக்கு ஒரு சொல் அனுப்புகிறாள். என் பங்குக்கு வந்தது 'மரியாதை'. படிவத்தில் நான்கு கட்டம்: பொருள், யார் யாரிடம் சொல்வது, எந்தச் சமயத்தில், எடுத்துக்காட்டு வாக்கியம். 'தங்களைப் போன்ற மதிப்பிற்குரியவர்கள்' என்று எழுதியிருந்தாள். விவரமான பெண்.

பொருள் கட்டத்தில் 'ஒருவருக்கு ஊர் கொடுக்கும் மதிப்பு' என்று எழுதினேன். இரண்டு நிமிஷ வேலை.

மத்தியானம் தபால் பட்டுவாடா செய்யும் பாஞ்சாலி, வாசலில் நோட்டீசைத் தின்றுகொண்டிருந்த ஆட்டைப் பார்த்து, "மரியாதயா போய்டு, சொல்லிட்டேன்" என்றாள். ஆட்டிடமும் சொல்லலாம் என்று குறித்துக்கொண்டேன்.

6 மே, செவ்வாய்

பையில் ஒன்றுமில்லை. பையை மட்டும் ரசீது போட்டு வாங்கிக்கொண்டேன்.

9 மே, வெள்ளி

ஆலங்காயத்திலிருந்து அக்கா மங்கம்மாள் என் மனைவி ரேணுகாவுக்குப் போன் பண்ணியிருக்கிறாள். காவியாவுக்குக் கல்யாணம் முடிவாகிவிட்டது. ஜூன் எட்டு, ஞாயிறு. பத்திரிகை அச்சுக்குப் போயிருக்கிறதாம்.

காவியா அக்காவின் ஒரே மகள். அவளுக்கு நான் ஒரே தாய்மாமன். மணவறையில் பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டியவன் நான். அவள் பிறந்த பதினோராம் நாள் தொட்டிலில் போட்டவனும் நான்தான். அன்றைக்கு என் சட்டை நனைந்தது. அதற்கு ஈடாக இந்தப் பட்டம்.

எங்களில் முதல் பத்திரிகை சாமிக்கு. இரண்டாவது தாய்மாமனுக்கு. அக்காவும் மாமாவும் ஜோடியாக வீட்டுக்கு வர வேண்டும். பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துக் கையில் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஊருக்கு. ரேணுகாவிடம் இதைச் சொன்னேன். "எனக்குத் தெரியாதா? இருபது வருசமா கேக்கறேன்" என்றாள்.

'எந்தச் சமயத்தில்' என்ற கட்டத்தில் 'கல்யாணத்துக்கு அழைக்கையில்' என்று எழுதினேன்.

13 மே, செவ்வாய்

சுவருக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. புதுப் பாய் ஒன்று. மாமா சக்கரவர்த்திக்கு முழங்கால் மடங்காது, ஆலங்காயத்தில் புளி மண்டி வைத்து உட்கார்ந்து உட்கார்ந்தே இப்படி ஆகிவிட்டது. அவருக்காகப் பக்கத்து வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அவர்கள் வரும்போது நான் எங்கே இருப்பது என்று யோசித்தேன். வாசலில் நின்றால் காத்துக்கொண்டிருந்த மாதிரி ஆகிவிடும். உள்ளே இருந்தால் தெரியாமல் இருந்த மாதிரி ஆகும். ஆபீசில் இருப்பதுதான் சரி. ஆள் அனுப்பிக் கூப்பிடட்டும்.

14 மே, புதன்

பை வழக்கத்தைவிடக் கனம். கண்டக்டர், "இன்னா சார், பரீட்ச பேப்பரா?" என்றார்.

முப்பத்திரண்டு உறை. எல்லாம் காவியா கல்யாணப் பத்திரிகை. ஊரில் இருக்கிற எல்லா வீட்டுக்கும் ஒவ்வொன்று. பெயர் பெயராகப் பிரித்து அடுக்கினேன். தேதி முத்திரை குத்தினேன். இருபத்தேழாவது உறை: திரு. ஆனந்தன், கிளை போஸ்ட் மாஸ்டர்.

எனக்கு. தபாலில். ஊரோடு ஊராக. புத்தகத் தபால் விலையில்.

முத்திரையைத் தூக்கின கை அப்படியே நின்றது. பிறகு குத்தினேன். வேலை வேலைதான்.

பாஞ்சாலி முப்பத்தொன்றை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். "உங்களுது?" என்றாள். "இங்கேயே இருக்கட்டும்" என்றேன்.

15 மே, வியாழன்

இரவெல்லாம் தூக்கமில்லை. ரேணுகாவிடம் சொல்லவில்லை.

கூடப் பிறந்த தம்பிக்குத் தபாலில் பத்திரிகை! பக்கத்து வீட்டுக்காரனுக்கு அனுப்புகிற மாதிரி. ஒன்றரை மணி நேர பஸ். வர முடியாதா? மண்டியை ஒரு நாள் மூடினால் புளி புளிக்காமல் போய்விடுமா? இவங்களுக்கு ஆனந்தன்னா அவ்வளவு இளக்காரமா?

விதி இருக்கிறது. பெறுநர் தபாலை வாங்க மறுத்தால், உறைமேல் அப்படியே எழுதி, கையெழுத்திட்டு, தேதி போட்டு, அனுப்பினவருக்குத் திருப்ப வேண்டும். பெறுநர் என்ற முறையில் மறுத்தேன். போஸ்ட் மாஸ்டர் என்ற முறையில் அந்த மறுப்பைப் பதிவு செய்தேன். இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. சிவப்பு மையில், 'பெறுநர் ஏற்க மறுத்தார்'. இரண்டரை மணி பஸ்ஸில் பை போய்விட்டது.

பாஞ்சாலி பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஆபீசு பேனாவுல சொந்தக் கோவமா சார்?" என்றாள். விதியைச் சொன்னேன். "விதிதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். எந்த விதியைச் சொன்னாளோ தெரியாது.

எடுத்துக்காட்டு வாக்கியம் கிடைத்துவிட்டது: 'மரியாதை இல்லாத இடத்துக்கு நான் போவதில்லை.'

16 மே, வெள்ளி

மனசு லேசாக இருந்தது. இரண்டு கரண்டி அதிகமாகச் சாமைச்சோறு சாப்பிட்டேன்.

19 மே, திங்கள்

யாரும் வரவில்லை. போனும் இல்லை. முந்தா நாளே உறை ஆலங்காயம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். இன்றைக்குப் பதறியடித்துக்கொண்டு வருவார்கள் என்று கணக்குப் போட்டேன். பிளாஸ்டிக் நாற்காலியை மத்தியானம் திருப்பிக் கேட்டு வாங்கிப் போய்விட்டார்கள்.

20 மே, செவ்வாய்

கை ஓடவில்லை. ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

ரேணுகா அக்காவிடம் போனில் பேசியிருக்கிறாள். அரை மணி நேரம். வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

பொங்கலுக்கு ஆலங்காயம் போயிருந்தபோது நான் அக்காவிடம் புலம்பினேனாம். மாசத்துக்கு இருபது தபால்கூடத் தேறவில்லை, மேலதிகாரி வந்து பார்த்துவிட்டு 'இங்க ஒக்காந்து இன்னாய்யா பண்ற?' என்று கேட்டார், ஆபீசுக்கு இருந்த மரியாதையே போச்சுக்கா என்று. சொன்னேன். இப்போது ஞாபகம் வருகிறது. கரும்பு தின்றுகொண்டே சொன்னேன்.

அக்கா அதை மறக்கவில்லை. போனில் படம் அனுப்பினால் போதும் என்று மாமா சொல்லியிருக்கிறார். இவள் கேட்கவில்லை. ஊருக்கே தபாலில் அனுப்பணும், ஒரு நாளாவது தம்பி ஆபீசு பை நெறையணும் என்று முப்பத்திரண்டு உறையிலும் தன் கையாலேயே ஸ்டாம்பு ஒட்டியிருக்கிறாள். முகவரி எழுதினது காவியா. ஒன்றுகூடக் குறையக் கூடாது என்று எனக்கும் ஒன்று போட்டது அவள்தான்.

எனக்கென்று வேறு பத்திரிகை இருந்தது. நாலு மூலையிலும் மஞ்சள் தடவி சாமி மாடத்தில் அக்கா வைத்திருந்தாள். மலைக்குத் தபால் வந்து சேரப் பத்து நாளாகும், அதற்கு முன்னால் நேரில் வந்துவிடலாம் என்பது அவள் கணக்கு. நேற்று திங்கட்கிழமை, நாள் நல்லா இருக்கு என்று ஜோடியாகக் கிளம்ப ஆட்டோகூடச் சொல்லி வைத்திருந்தார்கள். சனிக்கிழமை என் உறை போய்ச் சேர்ந்தது. மண்டியில் நாலு பேர் இருக்கும்போது போஸ்ட்மேன் சத்தமாகப் படித்துக் கொடுத்திருக்கிறார்.

அட பாவி மனுசா. இன்னா காரியம் பண்ணி வெச்சிருக்க. ஒரு போன் பண்ணிக் கேக்க வாய் இல்லையா உனக்கு? சிவப்பு மையி வேற! யாருடா ஒன்ன சிவப்பு மையில எழுதச் சொன்னது?

21 மே, புதன்

அக்காவுக்கு ஏழு தடவை போன் பண்ணினேன். எடுக்கவில்லை. எட்டாவது தடவை மாமா எடுத்தார்.

"போஸ்ட் மாஸ்டர் சாருங்களா? சொல்லுங்க."

"மாமா, நான் ஆனந்தன்."

"தெரியுதுங்க. வேல நேரத்துல தொந்தரவு பண்ணாதீங்க. வெச்சிடறேங்க."

அக்காவைக் கட்டின நாள் முதலாக இருபத்தாறு வருஷம். என்னை அவர் 'டேய் மச்சான்' தவிர வேறு எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இன்றைக்கு ஐந்து வாக்கியத்தில் ஐந்து 'ங்க'. நான் தப்பாக எண்ணவில்லை. ஒருத்தனை வீட்டுக்கு வெளியே நிறுத்த வேண்டுமென்றால் கதவைச் சாத்த வேண்டியதில்லை, இது போதும்.

படிவத்தில் இதற்குக் கட்டமே இல்லை.

22 மே, வியாழன்

கல்பனா போனில் நினைவுபடுத்தினாள். "சார், உங்க சொல்லு மட்டும்தான் பாக்கி." இரண்டு நாள் கேட்டேன்.

25 மே, ஞாயிறு

சித்தப்பா மகன் ராஜ்குமார் வந்தான். அமிர்தியில் டூ வீலர் மெக்கானிக். மலை ஏறி என் வீட்டுக்கு அவன் வந்து ஆறு வருஷம் இருக்கும். வந்தவன் உட்காரவில்லை. தூணையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அண்ணே, மங்கம்மாக்கா வூட்லேர்ந்து வந்தாங்க. காவியாவுக்குப் பட்டம் கட்டச் சொல்லி என்ன அழைச்சாங்க. தாய்மாமன் முறைக்கி நான்தான் அடுத்ததுன்னு..." நிறுத்தினான். "நீ வேணாம்னு சொன்னா போவல. சத்தியமா போவல."

அவன் கூப்பிடப்படாத ஆள். மாமனார் வீட்டில்கூட பைக் ரிப்பேருக்குத்தான் கூப்பிடுவார்கள். ஜோடியாக வந்து, தட்டில் வைத்து, கையில் கொடுத்தார்களாம். அதைச் சொல்லும்போது கையை அப்படியே ஏந்திக் காட்டினான்.

"எனக்கு இன்னா? கட்டிக்க" என்றேன். ரேணுகா டீ கொண்டுவந்தாள். அவன் குடித்துவிட்டு, சர்க்கரை போடவில்லை என்று சொல்லாமல் போனான்.

எனக்கு இன்னாவா? எல்லாமும்தான்.

27 மே, செவ்வாய்

படிவத்தை அனுப்பிவிட்டேன். பொருள் கட்டத்தில் எழுதினதை அடித்துவிட்டு, 'நாம் பிறருக்குக் கொடுப்பது. கேட்டு வாங்கினால் வேறு ஏதோ ஒன்று' என்று எழுதினேன். எடுத்துக்காட்டு வாக்கியத்தையும் அடித்தேன். பதிலுக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆட்டுக்குச் சொன்னதை எழுதி, பேசியவர் பாஞ்சாலி என்று போட்டேன்.

1 ஜூன், ஞாயிறு

ரேணுகா பெட்டியிலிருந்து பட்டுப்புடவையை எடுத்துக் காயப்போட்டாள்.

"எங்க?" என்றேன்.

"வியாழக்கிழம பந்தக்கால் நடறாங்க. நான் போறேன்."

"நம்மளக் கூப்புடலையே."

"கூப்ட்டாங்க. நீதான் திருப்பி அனுப்பிட்ட." புடவையை உதறினாள். "நீ வூட்லயே இரு. ஒன் மரியாதய ஒக்கார வெச்சி அதுக்கு சோறு போடு."

புடவையின் மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தேன்.

4 ஜூன், புதன்

ஒரு நாள் லீவு எழுதிக் கொடுத்தேன். காரணம்: சொந்த வேலை.

5 ஜூன், வியாழன்

முதல் பஸ்ஸில் போனோம். சீர்த்தட்டு ஐந்து: தேங்காய், பழம், பூ, புடவை, சாமையும் தேனும். ஐந்தையும் துணியில் கட்டி மடியில் வைத்துக்கொண்டேன். கண்டக்டர் நான் கேட்காமலேயே முன்சீட்டுக் கொடுத்தார். எனக்கு எங்கே உட்கார்ந்தாலும் ஒன்றுதான் என்று தோன்றியது.

ஆலங்காயத்தில் அக்கா வீட்டு வாசலில் ஏழெட்டுப் பேர். ரேணுகா நேரே உள்ளே போய்விட்டாள். பெண்களுக்கு அது முடிகிறது. நான் கேட் பக்கத்தில் நின்றேன். ஒருத்தர் 'வா' என்று சொல்லாமல் எப்படிக் காலை உள்ளே வைப்பது? மாமா என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டுப் போனைப் பார்த்தார். அது அணைந்திருந்தது, நின்ற இடத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது. மண்டியில் வேலை செய்கிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தச் சனிக்கிழமை அங்கே இருந்த நாலு பேர் இவர்கள்தான் போலிருக்கிறது.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. தட்டு கையை இழுத்தது. திரும்பிப் போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். திரும்பினால் அது இரண்டாவது தடவை மறுத்ததாகும். நின்றேன்.

அக்கா வெளியே வந்தாள். இரண்டு கையிலும் மஞ்சள். இளைத்திருந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னாடா மரமாட்டம் நிக்கற? குழி வெட்ற ஆளு இன்னும் வர்ல. நல்ல நேரம் முடியறதுக்கு அர மணிதான் கீது. கடப்பாற அங்க சாய்ச்சி வெச்சிருக்குது பாரு."

தட்டை யாரோ வாங்கிக்கொண்டார்கள். சட்டையைக் கழற்றிவிட்டுக் குழி வெட்டினேன். கீழே கல். பேனா பிடிக்கிற கை, பத்து நிமிஷத்தில் கொப்புளம். ஒன்றரை அடி போனதும் பக்கத்தில் நிழல் விழுந்தது. மாமா.

"டேய் மச்சான், கோணலா போவுது பாரு. கெழக்கால வெட்டு."

டேய் என்றார். கடப்பாறையை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். மூச்சு வாங்குகிறது என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். பிறகு கிழக்கால் வெட்டினேன். இப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வேலை ஆர்டர் வந்த அன்றைக்குக்கூட இல்லை.

சாப்பாடு முடிந்து கிளம்பும்போது அக்கா என்னைச் சமையல்கட்டுப் பக்கம் கூப்பிட்டாள். அவளிடம் மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடினேன். "அக்கா, அந்தச் சிவப்பு மையி..." என்று ஆரம்பித்தேன். "சும்மா இருடா" என்றாள். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள், கையிலிருந்த மஞ்சள் கன்னத்தில் ஒட்டியது. "பட்டத்த நீயே கட்டு. ராஜ்குமாருகிட்ட நான் சொல்லிக்கறேன். அவன் ஒண்ணும் நெனைக்க மாட்டான்."

அதுதான் வேண்டியிருந்தது. மூன்று வாரமாக வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

ராஜ்குமார் என் வீட்டில் தூணருகே நின்று கையை ஏந்திக் காட்டினது கண்ணில் வந்தது.

"வேணாம்கா. குடுத்துட்டீங்க. அவன்கிட்டேர்ந்து புடுங்காதீங்க. அவனே கட்டட்டும்."

அக்கா என்னையே பார்த்தாள். "அப்ப நீ இன்னா பண்ணப் போற?"

"ஏதாவது எடுத்துக் குடுக்க ஆளு வேணும் இல்ல?"

6 ஜூன், வெள்ளி

தேதி முத்திரையைப் பிடிக்க முடியவில்லை. கொப்புளம் உடைந்துவிட்டது. பாஞ்சாலி குத்தினாள்.

ஏன் வேண்டாம் என்று சொன்னேன்? சொல்லியிருக்க வேண்டாமோ? மத்தியானம்வரை இதே. சொன்னது சரிதான். சரியாக இருந்தும் வலிக்கிறது.

7 ஜூன், சனி

ராஜ்குமார் போன் பண்ணினான். பட்டத்தை எந்தப் பக்கம் முடிச்சுப் போடுவது என்று கேட்டான். சொன்னேன். திரும்ப ஒரு தரம் கேட்டான். சொன்னேன்.

8 ஜூன், ஞாயிறு

மண்டபத்திலிருந்து இப்போதுதான் அக்கா வீட்டுக்கு வந்தோம். எல்லாரும் தூங்குகிறார்கள். மாமா ஒரு பாயின் குறுக்கே விழுந்து கிடக்கிறார். மறப்பதற்கு முன்னால் எழுதிவிடுகிறேன்.

முகூர்த்தம் ஏழரைக்கு. ராஜ்குமார் புதுச் சட்டையின் ஸ்டிக்கரை எடுக்கவில்லை. மணவறைக்குப் போகும் வழியில் நான் கிழித்து எடுத்தேன். பட்டம் இருந்த தட்டு என் கையில். "பொண்ணோட தாய்மாமன் வாங்க" என்று ஐயர் கூப்பிட்டார். என் வலது கால் தானாக முன்னால் போனது. நிறுத்திக்கொண்டேன். ராஜ்குமார் என்னைப் பார்த்தான். தலையை ஆட்டினேன். போனான்.

அவன் கைக்கு கிரீசும் ஸ்பேனரும்தான் பழக்கம். நூல் நழுவிக்கொண்டே இருந்தது. முதல் தடவை நழுவியது. இரண்டாவது தடவையும். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நான் தட்டோடு கிட்டே போய், "எடப்பக்கம் மொதல்ல" என்று அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னேன். சரியாகக் கட்டினான். அவன் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்துக்காக நான் எதையோ விட்டுக்கொடுத்தேன் என்று சொல்ல மாட்டேன், அவ்வளவு நல்லவன் நான் இல்லை. ஆனால் பார்க்க நன்றாக இருந்தது.

போட்டோகிராபர் என்னைப் பார்த்து, "தட்டு புடிக்கிறவரே, மறைக்குது, கொஞ்சம் குனிங்க" என்றார். நான் பொண்ணுக்கு யார் என்று அவருக்குத் தெரியாது. அவருக்கு யாரும் சொல்லவுமில்லை. குனிந்தேன். இன்னும் என்றார். முழங்காலில் உட்கார்ந்தேன்.

காவியா தலையைக் கவிழ்த்திருந்தாள். மேலே நின்ற யாருக்கும் அவள் முகம் தெரிந்திருக்காது. எனக்கு முழுசாகத் தெரிந்தது.

"மாமா," என்றாள், உதடு அசையாமல். "அழுதுகினு கீற."

இல்லை என்று சொல்லப் பார்த்தேன். தட்டு இரண்டு கையிலும் இருந்தது, துடைக்க முடியவில்லை.